பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுவும் அதன் கூட்டுயிரி பாக்டீரியாவும்

பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுக்கள் என்பவை மண்ணில் வாழ்ந்து, பூச்சிகளின் உடலுக்குள் நுழைந்து அவற்றைக் கொன்று, அந்த உடலையே உணவாகக் கொண்டு பெருகும் நுண்ணிய உருளைப்புழுக்கள் ஆகும். இவற்றுள் ஸ்டெய்னெர்னெமா, ஹெட்டெரோராப்டிடிஸ் என்னும் இரண்டு பேரினங்கள் பயிர்ப் பாதுகாப்பில் பயன்படுகின்றன. பூச்சியைக் கொல்லும் நஞ்சில் பெரும்பகுதியை உண்டாக்குவது புழுவின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. ஸ்டெய்னெர்னெமாவின் குடலில் ஜெனோராப்டஸ் என்ற பாக்டீரியாவும், ஹெட்டெரோராப்டிடிஸின் குடலில் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவும் வாழ்கின்றன.

ஒரு கொழுத்த புழுவை இரண்டு நாளில் கொன்றுவிடும் இந்தப் பாக்டீரியா, தன்னைச் சுமந்து திரியும் அரை மில்லிமீட்டர் நூற்புழுவை ஏன் ஒன்றும் செய்வதில்லை? "பாம்பின் நஞ்சு பாம்பைக் கொல்லாதா சார்?" என்று ஆறாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். அதே கேள்விதான் இது. இதற்கான விடையின் முக்கியமான பகுதி 2012-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழுவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

வேர்ப்புழுவும் திமெட் குருணையும்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, அரூர் வட்டாரங்களில் கரும்பும், மானாவாரி நிலங்களில் நிலக்கடலையும் பயிராகின்றன. இவ்விரண்டு பயிர்களுக்கும் பொதுவான எதிரி வேர்ப்புழு. வெண்புழு, வெள்ளைப்புழு என்றும் இதைச் சொல்வார்கள். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து மண் நனைந்ததும், அந்தி நேரத்தில் பழுப்பு நிற வண்டுகள் மண்ணிலிருந்து கூட்டமாகக் கிளம்பி வேப்பமரங்களில் மொய்க்கும். தென்னிந்தியாவில் இவற்றுள் முக்கியமானது ஹோலோட்ரிக்கியா செர்ரேட்டா என்னும் இனம். இந்த வண்டுகள் மண்ணில் இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள், ஆங்கில எழுத்து 'சி'யைப் போல வளைந்து, மண்ணுக்குள் கிடந்தபடியே வேரைத் தின்னும். கரும்பு மஞ்சளாகிக் காய்ந்த பிறகுதான் வெளியில் தெரியும். அப்போது தூரைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிடும்.

இதற்கு நெடுங்காலம் விவசாயிகள் நம்பியிருந்தது ஃபோரேட் குருணை. 'திமெட்' என்ற வணிகப் பெயரால்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனிதருக்கும் கால்நடைக்கும் மிகக் கொடிய நஞ்சு அது. மத்திய அரசு 2018-இல் பிறப்பித்த ஆணையின்படி, 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் ஃபோரேட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை சரியானதே. ஆனால் மண்ணுக்கு அடியில் ஓரடி ஆழத்தில் ஒளிந்திருக்கும் புழுவை வேறு எதைக் கொண்டு பிடிப்பது என்ற கேள்வி எழுந்தது. தானே தேடிச் செல்லும் உயிர் ஒன்று இருந்தால் அங்கே பயன்படும்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். தக்காளி பயிரிடுவோர்க்கு 'நூற்புழு' என்ற சொல்லே பகைச் சொல். வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் மெலாய்டோகைன் என்ற நூற்புழுவால் அவர்கள் பட்ட பாடு அப்படி. நாம் பேசுவது வேறு குடும்பம். வேர்முடிச்சு நூற்புழுவுக்குச் செடியைக் குத்தி உறிஞ்ச ஊசி போன்ற உறுப்பு உண்டு. ஹெட்டெரோராப்டிடிஸுக்கு அப்படி எதுவும் இல்லை. செடியை அதனால் தின்ன முடியாது. பூச்சியின் உடலுக்கு வெளியே அதற்கு உணவே கிடையாது.

கோயம்புத்தூரில் கிடைத்த இனம்

பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்களைப் பற்றிய ஆய்வு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. ஜெர்மனியில் ஸ்டெய்னர் 1923-இல் ஓர் இனத்தை விவரித்தார். 1929-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஒரு கோல்ஃப் மைதானத்தில் செத்துக் கிடந்த ஜப்பானிய வண்டின் புழுக்களுக்குள் ருடால்ஃப் கிளேசர் இன்னொன்றைக் கண்டார். அவற்றைப் பெருக்கி வயலில் விட்டும் பார்த்தார். ஆனால் கொல்வது யார் என்பது அவருக்குத் தெரியாது. புழுவுடன் எப்போதும் ஒரே பாக்டீரியா இணைந்திருக்கிறது என்பதை 1960-களில் ஜார்ஜ் பாய்னரும் தாமஸும் விவரித்தார்கள். (பிசினில் உறைந்த பூச்சிகளைப் பற்றிய ஆய்வுக்காக உலகப் புகழ் பெற்றவரும் இதே பாய்னர்தான். ஜுராசிக் பார்க் கதைக்கு வித்திட்டது அந்த ஆய்வு.)

இந்தியாவில் 1960-களிலேயே வெளிநாட்டு நூற்புழுக்களைக் கொண்டு சோதனைகள் நடந்தன. குளிர்நாட்டுப் புழுக்களுக்கு நம் வெயில் ஒத்துவரவில்லை. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கரும்பின் நுனிக்குருத்துத் துளைப்பான் புழுவிலிருந்து உள்ளூர் நூற்புழு ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பாய்னர், கருணாகர், டேவிட் ஆகிய மூவரும் 1992-இல் அதைப் புதிய இனமாக விவரித்தார்கள். இந்தியாவில் கிடைத்ததால் 'இண்டிகா' எனப் பெயர் பெற்றது. பிற்பாடு அதே இனம் கியூபா, எகிப்து, ஜப்பான் போன்ற பல நாடுகளிலும் கிடைத்தது. வெப்பத்தைத் தாங்குவது இதன் சிறப்பு. இதன் குடலில் வாழும் பாக்டீரியாவின் இன்றைய பெயர் ஃபோட்டோராப்டஸ் அக்கர்ஸ்டி. இத்துறையில் முன்னோடியான ஆஸ்திரேலிய அறிவியலாளர் ரே அக்கர்ஸ்ட்டின் நினைவாக இடப்பட்ட பெயர் இது.

பூச்சிக்குள் நடப்பது

மண்ணில் அலைவது நூற்புழுவின் 'தொற்றும் இளம்புழு' என்ற ஒரு பருவம் மட்டுமே. அது எதையும் உண்பதில்லை, வாயும் மூடியிருக்கும். குடலுக்குள் ஏறத்தாழ நூறு பாக்டீரியாக்கள் மட்டும் இருக்கும். பூச்சி வெளிவிடும் கரியமில வாயுவையும் பிற மணங்களையும் பற்றிக்கொண்டு அதை நெருங்கும். வாய், மலவாய், சுவாசத் துளை ஆகியவற்றில் ஒன்றின் வழியாக உள்ளே நுழையும். ஹெட்டெரோராப்டிடிஸுக்குத் தலையில் ஒரு பல் உண்டு. அதைக் கொண்டு மெல்லிய தோலையும் கிழித்து நுழையும்.

பூச்சியின் இரத்தத்தை அடைந்ததும் புழு தன் வாய்வழியே பாக்டீரியாவைக் கக்குகிறது. ஸ்டெய்னெர்னெமா மலவாய் வழியே வெளியேற்றுகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூச்சி சாகும். புழு வெறும் வண்டி, பாக்டீரியாவே கொலையாளி என்று முன்பு கருதினார்கள். ஸ்டெய்னெர்னெமா கார்போகாப்சே என்ற இனம் தானே நச்சுப் புரதங்களைச் சுரக்கிறது என்று 2017-இல் தெரியவந்தபின் அந்தக் கருத்து கொஞ்சம் மாறியிருக்கிறது.

பூச்சிக்கும் நோயெதிர்ப்பு உண்டு. நம்முடையதைப் போல நினைவாற்றல் உள்ளது அன்று, ஆனாலும் வலுவானதே. இரத்த அணுக்கள் கிருமியை விழுங்கும். பெரிதாக இருந்தால் சூழ்ந்துகொண்டு உறைபோடும். ஃபீனால்ஆக்சிடேஸ் என்ற நொதி மெலனினை உண்டாக்கிக் கிருமியைக் கருக்கி மூடும். பாக்டீரியா முதலில் இந்தக் காவலைத்தான் கெடுக்கிறது. ஜெனோராப்டஸ் நெமடோஃபிலா வெளியிடும் பொருள்கள் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 என்ற நொதியைத் தடுக்கின்றன. நாம் தலைவலிக்கு ஆஸ்பிரின் விழுங்கும்போது எந்த வேதிப் பாதை தடைப்படுகிறதோ, அதே பாதையின் முந்தைய படி இது. தடைப்பட்டதும், காவலர்களைத் திரட்டும் செய்தி பூச்சியின் உடலில் பரவாமல் நின்றுவிடுகிறது. ஃபோட்டோராப்டஸ் வேறு வழியில் செல்கிறது. ஸ்டில்பீன் வகைப் பொருள் ஒன்றைச் சுரந்து, மெலனின் உண்டாக்கும் நொதியையே முடக்குகிறது.

அதன் பிறகு வருபவை பெரிய நச்சுகள். ஃபோட்டோராப்டஸ் லுமினெசென்ஸ் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை 2003-இல் முழுமையாகப் படித்தபோது, அதுவரை படித்த எந்தப் பாக்டீரியாவிலும் இல்லாத அளவுக்கு நச்சு மரபணுக்கள் அதில் இருப்பது தெரிந்தது. அவற்றுள் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது 'டிசி' நச்சுத் தொகுதி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் போவன், ரிச்சர்ட் ஃபிரெஞ்ச்-கான்ஸ்டன்ட் குழுவினர் இதை 1998-இல் விவரித்தார்கள். மூன்று பகுதிகளால் ஆன இந்த நச்சு ஊசி மருந்துக் குழலைப் போல வேலை செய்கிறது. ஒரு பகுதி மணி வடிவக் குழாயாகச் செல்லின் சவ்வைத் துளைக்கும். மற்ற இரண்டும் சேர்ந்து ஒரு கூடாகி, அதற்குள் கொல்லும் நொதியைச் சுருட்டி வைத்திருக்கும். சவ்வு துளைபட்டதும் நொதி குழாய் வழியே செல்லுக்குள் செலுத்தப்படும். இந்த நுட்பத்தை ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஸ்டீபன் ரவுன்ஸர் குழுவினர் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே போன நொதி, செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டியாக்கிவிடும். ஆக்டின் இயங்காவிட்டால் இரத்த அணுவால் கிருமியை விழுங்க முடியாது. நம் இண்டிகாவின் பாக்டீரியாவிலுள்ள இத்தகைய நச்சுப் புரதங்களைப் புதுதில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் தனியே பிரித்து, மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களில் சோதித்துள்ளார்கள்.

இரண்டாவது நச்சின் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. அதன் ஆங்கிலப் பெயருக்குப் பொருள் 'புழுவைத் துவளச் செய்வது'. எலும்பில்லாத புழு விறைப்பாக நிற்பது உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தால். இந்த நச்சு குடல் சுவரின் செல்களையும் இரத்த அணுக்களையும் தற்கொலை செய்துகொள்ளத் தூண்டுகிறது. குடல் சிதைந்ததும் புழு காற்றுப் போன பலூனைப் போலத் தொங்கிவிடும். சாதாரணக் குடல் பாக்டீரியாவான எஷெரிக்கியா கோலையில் இந்த ஒரு மரபணுவை மட்டும் புகுத்திச் செலுத்தினாலே புழு செத்துவிடுகிறது என்று 2002-இல் காட்டினார்கள்.

பூச்சி செத்த பிறகும் நஞ்சின் வேலை முடிவதில்லை. செத்த உடல் மண்ணில் கிடந்தால் ஒரே நாளில் அழுகும். எறும்பு இழுத்துப் போகும். நூற்புழுவுக்கோ அதற்குள் பெருகப் பத்துப் பதினைந்து நாள் வேண்டும். பாக்டீரியா பலவகை நுண்ணுயிர் எதிரிகளைச் சுரந்து பிற கிருமிகளை நெருங்கவிடாமல் வைக்கிறது. எறும்புகளை விலக்கும் பொருளையும் சுரக்கிறது. ஃபோட்டோராப்டஸ் தாக்கிய உடல் செங்கல் நிறமாகும். அந்த நிறமுள்ள புழுக்களைப் பறவைகளும் தவிர்ப்பதாக இங்கிலாந்தில் ஒரு சோதனை காட்டியது.

இருட்டில் அந்த உடல் மங்கலாக ஒளிர்வதும் உண்டு. 'ஒளிக்கோல்' என்பதே ஃபோட்டோராப்டஸ் என்ற பெயரின் பொருள். நிலத்தில் வாழும் பாக்டீரியாக்களில் ஒளிர்வதாக அறியப்பட்டது இந்தப் பேரினமே. மற்ற ஒளிரும் பாக்டீரியாக்கள் நீரில் வாழ்பவை. 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஷைலோ என்ற இடத்தில் காயம்பட்ட வீரர்களின் புண்கள் இரவில் ஒளிர்ந்தன என்றும், அவை விரைவில் ஆறின என்றும் ஒரு கதை உண்டு. சேற்றிலிருந்து புண்ணில் ஏறிய ஃபோட்டோராப்டஸ் காரணமாக இருக்கலாம் என்று பில் மார்ட்டின், ஜான் கர்ட்டிஸ் என்ற இரண்டு பள்ளி மாணவர்கள் 2001-இல் ஒரு கருதுகோளை முன்வைத்துப் பன்னாட்டு அறிவியல் போட்டியில் பரிசு பெற்றார்கள். அது கருதுகோள்தான், மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு அன்று. இருந்தாலும் பதினேழு வயதில் கேட்கத் தகுந்த கேள்வி.

புழு ஏன் சாவதில்லை

ஃபோட்டோராப்டஸின் நஞ்சு பூச்சிக்கு மட்டும் உரியதன்று. நூற்புழு இனத்தையும் அது கொல்லும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவுக்கு ஃபோட்டோராப்டஸை உணவாகக் கொடுத்தால் அது செத்துப்போகிறது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஜான் வெப்ஸ்டர் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மேலே சொன்ன ஸ்டில்பீன் பொருள் சீனோராப்டிடிஸ் உள்ளிட்ட சில நூற்புழுக்களைக் கொன்றது. அதே பொருள், அதைவிட இருமடங்கு அடர்விலும், ஹெட்டெரோராப்டிடிஸின் இளம்புழுவை ஒன்றும் செய்யவில்லை. பல்லாயிரம் தலைமுறைகளாகக் கூடவே வாழ்ந்து, புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது.

பழகியது மட்டுமா? அது இல்லாமல் வாழவே முடியாத நிலைக்கும் வந்துவிட்டது. இளம்புழு பூச்சிக்குள் நுழைந்ததும் உறக்கம் கலைந்து வளரத் தொடங்க, அந்த ஸ்டில்பீன் ஒரு குறிப்பாக வேண்டும் என்று 2008-இல் தெரியவந்தது. பூச்சியின் காவலை முடக்குவது, போட்டியாக வரும் கிருமியையும் வேற்று நூற்புழுவையும் விரட்டுவது, தன் புழுவை எழுப்பி வளரச் சொல்வது என மூன்று வேலைகளை ஒரே மூலக்கூறு செய்கிறது. பாக்டீரியாவே புழுவுக்கு உணவும் ஆகிறது. தன் உடலுக்குள் படிகமாகச் சேர்த்துவைக்கும் புரதங்கள் இல்லாத பாக்டீரியாவைக் கொடுத்தால் ஹெட்டெரோராப்டிடிஸ் வளர்வதில்லை.

இவ்வளவும் புழு வளரும் காலத்துக்குப் பொருந்தும். அடுத்த தலைமுறைக்குப் பாக்டீரியா எப்படிக் கைமாறுகிறது என்பது இதைவிட வியப்பானது. பூச்சிக்குள் முதலில் வளரும் ஹெட்டெரோராப்டிடிஸ் இருபால் உயிரி. ஒரே ஒரு இளம்புழு நுழைந்தாலும் வம்சம் உண்டாகும். பிற்பாடு முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்றே வளரும். பாக்டீரியா அதற்கு முன்பே தாயின் குடலின் கடைசிப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, அங்குள்ள சுரப்பிச் செல்களுக்குள் புகுந்து காத்திருக்கிறது. அச்செல்கள் சிதையும்போது வெளிப்பட்டு, தாயின் உடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு குஞ்சின் குடலிலும் ஒன்றிரண்டாக ஏறிக்கொள்கிறது. அந்த ஒன்றிரண்டு பெருகித்தான் நூறாகிறது.

தாயின் குடலில் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாவும், பூச்சியைக் கொன்ற பாக்டீரியாவும் ஒரே மாதிரி இல்லை என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாட் சிச்சே ஆய்வகம் கண்டது. ஒட்டிக்கொள்ளும் வடிவம் சிறியது, மெதுவாக வளர்வது. அது நுண்ணுயிர் எதிரிகளை ஏறத்தாழச் சுரப்பதில்லை. ஒளியும் மிகக் குறைவு. பூச்சியைக் கொல்லும் வேகமும் குறைவு. 2012-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் விஷால் சோம்வன்ஷி. இந்தியரான இவர் பின்னர் புதுதில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூற்புழுவியல் துறையில் பணியாற்றினார். இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு, டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே என அவர்கள் காட்டினார்கள். அந்தத் துண்டு ஒரு பக்கம் திரும்பினால், தாயின் குடலில் ஒட்டப் பயன்படும் மயிரிழை போன்ற உறுப்புகளின் மரபணுக்கள் இயங்கும். நஞ்சுத் தொழில் அடங்கும். மறுபக்கம் திரும்பினால் ஒட்டும் இழைகள் நிற்கும், நஞ்சு தொடங்கும். வீட்டுச் சுவரில் உள்ள மின்விசையைப் போல ஒற்றைப் புரட்டல்.

விருந்தாளியாக இருப்பதும் கொலையாளியாக இருப்பதும் இரண்டு வேறு பாக்டீரியாக்களின் குணம் என்று நாம் பிரித்துப் படிக்கிறோம். பாக்டீரியா என்றாலே நோய், அல்லது தயிர் என்று இரண்டு பெட்டிகளில் போட்டுச் சொல்லிக்கொடுத்தே எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பழகிவிட்டோம். ஃபோட்டோராப்டஸ் இரண்டு பெட்டிகளிலும் மாறி மாறி உட்காருகிறது.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. அது தொல்லை தருவது. ஆய்வகத்திலோ தொழிற்சாலையிலோ பாக்டீரியாவைத் திரும்பத் திரும்ப வளர்த்தால், அது நுண்ணுயிர் எதிரிகளைச் சுரக்காத 'இரண்டாம் வடிவம்' ஆகிவிடும். 1980-இல் அக்கர்ஸ்ட் இதை ஜெனோராப்டஸில் விவரித்தார். இந்த வடிவத்தை உண்ணும் நூற்புழுக்கள் சரியாகப் பெருகுவதில்லை. ஃபோட்டோராப்டஸில் இம்மாற்றம் பெரும்பாலும் திரும்பாது. பெரிய தொட்டிகளில் நூற்புழு வளர்ப்போர் பாக்டீரியாவின் தாய் வளர்ப்பை அடிக்கடி சோதித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மருந்தாகும் நஞ்சு

புழுவின் குடலில் வாழும் பாக்டீரியா சுரக்கும் நுண்ணுயிர் எதிரி, புழுவுக்குத் தீங்கில்லாததாக இருந்தாக வேண்டும். அப்படியானால் விலங்குச் செல்லுக்கும் அது பெரிய தீங்கு செய்யாது என எதிர்பார்க்கலாம். இந்த எண்ணத்துடன் தேடிய அமெரிக்க அறிவியலாளர் கிம் லூயிஸ் குழுவினர், 2019-இல் ஃபோட்டோராப்டஸிலிருந்து டாரோபாக்டின் என்ற பொருளைக் கண்டார்கள். இன்று மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காமல் தொல்லை தரும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களை அது கொல்கிறது. மனிதருக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

ஸ்டில்பீன் வந்துவிட்டது. பூச்சியின் காவலை முடக்கும் அதே மூலக்கூறு, டாபினாரோஃப் என்ற பெயரில் சொரியாசிஸ் என்னும் தோல்நோய்க்கான களிம்பாக 2022 மே மாதத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2023-இல் ஃபெங் ஜாங் குழுவினர், ஃபோட்டோராப்டஸ் பூச்சிச் செல்லுக்குள் நஞ்சைச் செலுத்தப் பயன்படுத்தும் இன்னொரு நுண்ணிய ஊசியை மாற்றியமைத்து, மனிதச் செல்களுக்குள்ளும் எலியின் உடலிலும் விரும்பிய புரதத்தைச் செலுத்திக் காட்டினார்கள்.

வயலில் பயன்படுத்துதல்

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வள மையம், ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகாவை நீரில் கரைக்கும் தூளாக உருவாக்கி நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துள்ளது. இடுக்கி மலையில் ஏலக்காய் வேர்ப்புழுவுக்கு, நூற்புழு நிறைந்த மெழுகு அந்துப்பூச்சிப் புழுக்களின் செத்த உடலையே செடியடியில் புதைக்கும் முறையைக் கையாண்டார்கள். தமிழ்நாட்டு விவசாயிகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறையை அணுகலாம். தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் முதலில் கேட்பது நல்லது.

உலகெங்கும் பின்பற்றும் பொதுவான அளவு எக்டேருக்கு 250 கோடி இளம்புழுக்கள். ஒரு எக்டேர் என்பது 10 கோடி சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 புழுக்கள். விரல் நகம் அளவு இடத்தில் 25 என்றால் அதிகம் போலத் தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு பூச்சியையும் காணாமலே சாகும்.

பொட்டலத்தில் இருப்பது மருந்தன்று, உயிர் என்பதை மறக்கும்போதுதான் தோல்வி வருகிறது. கடையில் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த தூளில் உயிருள்ள புழு இருக்காது. விவசாயி அதைக் கரைத்து ஊற்றிவிட்டு, பலனில்லை என்று இந்த முறையையே கைவிடுவார். வாங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தட்டில் நீரில் கரைத்து, சில மணி நேரம் கழித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். உயிருள்ளவை நெளியும், செத்தவை ஊசியைப் போல நேராகக் கிடக்கும். புற ஊதாக் கதிர் இவற்றைச் சில நிமிடங்களில் கொல்லும் என்பதால் மாலையில், ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின்னும் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தில் கடினமானது இந்தக் கடைசி நிபந்தனைதான். சொட்டுநீர் உள்ள கரும்புத் தோட்டத்தில் சாத்தியம். மானாவாரி நிலக்கடலையில் மழையை நம்ப வேண்டியிருக்கிறது. வண்டுகள் பறந்து சில வாரங்களில், வேர்ப்புழு சிறிதாக இருக்கும்போதே இடுவது நல்லது. முற்றிய புழு எளிதில் சாகாது. கார்போஃபியூரான் போன்ற நூற்புழுக்கொல்லிகளை இதனுடன் சேர்த்து இடக்கூடாது.

பட்டு வளர்ப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த நூற்புழுவுக்கு நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்ற பேதம் தெரியாது. ஆய்வகத்தில் பட்டுப்புழுவும் இதனால் சாகிறது. மண்ணில் ஊற்றிய நூற்புழு புழுவளர்ப்பு மனைக்குத் தானே வந்து சேராது என்றாலும், மல்பெரி இலையில் படும்படி தெளிப்பதையும், அதே வாளியையும் தெளிப்பானையும் மனைக்குள் எடுத்துச் செல்வதையும் தவிர்க்க வேண்டும்.

மனிதருக்கும் கால்நடைக்கும் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகாவால் தீங்கு இல்லை. ஆனால் ஃபோட்டோராப்டஸ் பேரினமே மனிதரைத் தொடாது என்று சொல்வதும் தவறு. ஃபோட்டோராப்டஸ் அசிம்பயாட்டிகா என்ற ஓர் இனம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிலருக்குத் தோல், மென்திசுப் புண்களை உண்டாக்கியிருக்கிறது. மனித உடலின் 37 பாகை வெப்பத்தில் வளரக்கூடியது அது. பயிருக்கு விற்கப்படும் நூற்புழுக்களில் இந்த இனம் இல்லை. எனினும் திறந்த புண் உள்ள கையால் கரைசலைக் கலக்காமல், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்ல பழக்கம்.

பள்ளியில் செய்து பார்க்க

நம் ஊர் மண்ணிலும் இத்தகைய நூற்புழுக்கள் இருக்கக்கூடும். மழைக்குப் பின், மர நிழலில் ஒரு சாண் ஆழம் வரை தோண்டி ஈர மண்ணை எடுத்து, மூடியுள்ள டப்பாவில் முக்கால் பங்கு நிரப்பவும். தேனீ வளர்ப்போரிடம் கேட்டால், கைவிடப்பட்ட அடைகளில் உள்ள மெழுகு அந்துப்பூச்சிப் புழுக்கள் கிடைக்கும். ஐந்தாறு புழுக்களை மண் மேல் விட்டு, மூடியில் ஊசித் துளைகள் இட்டு, டப்பாவைத் தலைகீழாக நிழலில் வைக்கவும். ஒரு வாரம் தினமும் பார்க்கவும். புழு செங்கல் நிறமாகி, துவண்டு, நாற்றமில்லாமல் செத்திருந்தால் அது ஹெட்டெரோராப்டிடிஸாக இருக்கலாம். பழுப்பு நிறமானால் ஸ்டெய்னெர்னெமா. கருத்து நாறினால் வேறு கிருமி. மேலே பஞ்சு போலப் படர்ந்தால் பூஞ்சை.

செங்கல் நிறமான உடலை நீரில் கழுவி, ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் ஈரத் தாளைப் போர்த்தி, தாளின் மேல் வைக்கவும். கிண்ணத்தைச் சுற்றி ஒரு தட்டில் சிறிது நீர் இருக்கட்டும். தாளின் ஓரம் அந்நீரைத் தொட வேண்டும். பத்து முதல் பதினைந்து நாளில் இளம்புழுக்கள் உடலை விட்டு இறங்கி நீரில் நீந்தும். ஒரே புழுவின் உடலிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேல் வரலாம். நீர் வெண்மையாகக் கலங்கித் தெரியும். பார்த்து முடிந்ததும் கொதிநீர் ஊற்றி அழித்துவிடவும்.

ஒளிர்வதைப் பார்க்க விரும்பினால், புழு செத்த மறுநாள் இரவே பார்க்க வேண்டும். சன்னல்களை அடைத்து, கைபேசிகளை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பொறுமையில்லாத மாணவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுவார்கள்.